பான்வில் துரையின் வாரிசு

"இதுக்கு ரெக்கார்டு ஏதும் உண்டுமா?"

சம்பந்தியாக வரவிருந்த ஞானதாஸ் இதைக் கேட்டபோது அவர் வாயில் பாதி முந்திரிக்கொத்து இருந்தது. மீதிப் பாதி கையில் இருந்தது. பெண் பார்க்க வந்த வீட்டில், பேச்சு நின்றுபோய்விடக் கூடாதே என்பதற்காகப் பலகாரத்தை மென்றபடி கேட்கிற கேள்விதான் அது. மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கும் மனிதருக்கு எந்த வெள்ளைக்காரத் துரை எவருக்குப் பாட்டனாக இருந்தால் என்ன? "உண்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும்.

ராஜமணி பான்வில் அப்படி முடிக்கிற ஆள் இல்லை.

"ரெக்கார்டா? எல்லாம் லண்டன்ல இருக்கு," என்றார். "வரவழைச்சுக் காட்டுகேன்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு? சும்மா கேட்டேன்."

"இல்ல, நீங்க பாக்கணும்."

உள்ளே அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்த அவர் மகள் ஷிஜி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அவளும் மாப்பிள்ளை பிரைட்டனும் ஒரே காலேஜில் படித்தவர்கள். எல்லாம் அவர்களுக்குள் எப்போதோ பேசி முடிந்துவிட்டது. இந்தப் பெண் பார்க்கிற சடங்கே பெரியவர்களின் திருப்திக்காகத்தான். அப்பா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் காலையில் அவள் செய்த ஜெபம்.

ராஜமணி பான்வில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் 'பான்வில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்' நடத்துகிறார். போர்டில் 'இங்கிலீஷ் எங்கள் இரத்தத்தில்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்புச் சொட்டும் வரைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை சோதிக்க வெறும் வயிற்றோடு படியேறி வந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலரைக் கோர்ஸில் சேர்த்தும் விட்டிருக்கிறார்.

இரத்தத்தில் இங்கிலீஷ் எப்படி வந்தது என்று கேட்டால் அவர் சொல்வது இதுதான். அந்தக் காலத்தில் அசம்பு மலையில் காப்பித் தோட்டம் போட்ட பான்வில் துரை என்ற வெள்ளைக்காரர், இந்த மண்ணின் பெண் ஒருத்தியை விரும்பினார். அந்த வழியில் வந்தது இந்தக் குடும்பம். இதற்கு ஆதாரம், கல்லறைத் தோட்டத்தில் அவர் தாத்தா யாக்கோபின் தலைமாட்டில் நிற்கும் கல். அதில் 'ஜே. பான்வில்' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. அவ்வளவுதான் ஆதாரம். கோட்டை கட்டுகிறவனுக்கு ஒரு கல் போதாதா?

"ஒங்க நெறத்தப் பாத்தா அப்படித் தெரியலியே சார்" என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "நாகர்கோவில் வெயிலு நாலு தலைமொறைக்கு அடிச்சா எந்தத் துரைக்கும் இந்த நெறந்தான்."

சொந்த ஊர் எது என்று கேட்டால், "நாகர்கோவில் டவுன்" என்பார். அதற்கு முன்னால்? "இங்கிலாந்து." இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊர் இருந்திருக்கலாமே என்ற நினைப்பே அந்த மண்டையில் ஏறியதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கார் தெருமுனை திரும்பியதும் மனைவி விக்டோரியா கேட்டாள்: "லண்டன்ல எங்க இருக்கு ரெக்கார்டு? எடுத்து வச்சது ஆரு?"

"வெள்ளக்காரன் எல்லாத்தயும் எழுதி வச்சிருப்பான். நம்மள மாதிரியா?"

"நம்மள மாதிரியான்னா? நீங்கதான் வெள்ளக்காரனாச்சே."

ராஜமணி அதைக் காதில் வாங்காமல் வினோஜைக் கூப்பிட்டார். வினோஜ் அவர் தங்கை மகன். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறான். மாமாவின் சென்டரில் இலவசமாக இங்கிலீஷ் படித்துவிட்டுப் போனவன். அங்கே போன பிறகு அதை மறப்பதற்குத்தான் அவனுக்கு அதிக நாள் பிடித்தது.

"மாமா, நைட் டூட்டி முடிஞ்சு இப்பந்தான் கெடந்தேன்."

"எழும்பு மக்கா. லண்டன்ல நம்ம குடும்ப ரெக்கார்டு இருக்கு. எடுத்து அனுப்பு."

"நான் லெஸ்டர்லல்லா மாமா இருக்கேன்."

"அதுவும் இதுவும் நாகர்கோவிலும் தக்கலையும் மாதிரிதானே. ஒரு எட்டு போயிட்டு வா."

வினோஜ் நல்ல பையன். ஓய்வு நாளில் அங்கே உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போனான். இரண்டாம் முறை போனபோது ஒரு பழைய பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினான். மழை பெய்த மண்ணில் புழு ஊர்ந்தது போல ஒரு கையெழுத்து. அதில் ராஜமணியால் வாசிக்க முடிந்தது ஒரே ஒரு சொல். பான்வில்.

அது போதாதா? 'நம்ம ஃபேமிலி ரெக்கார்டு' என்று கீழே எழுதி அந்த நிமிடமே ஞானதாஸுக்கு அனுப்பிவைத்தார். அனுப்பிய பிறகுதான் வினோஜின் குரல் செய்தியைக் கேட்டார். "மாமா, பேரு கெடச்சிருக்கு. ஆனா இத ஆருக்கும் காட்டாதீங்க, நான் கூப்பிட்டுச் சொல்லுகேன்" என்றது அது.

வினோஜ் கூப்பிடும் முன்பே ஞானதாஸ் கூப்பிட்டுவிட்டார்.

"சம்பந்தி, ரெக்கார்டு வந்தாச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல. நம்ம மூத்தவ சபிதாட்ட குடுத்தேன். கோர்ட்டுல வக்கீலுல்லா, பழைய பத்திரமெல்லாம் வாசிச்சுப் பழக்கம். அவ பூதக்கண்ணாடி வச்சு வாசிச்சா."

"நல்லது. என்ன சொன்னா?"

"ஆடுன்னு என்னமோ இருக்காம்."

"அதா? எஸ்டேட்ல ஆடு வளத்திருப்பாரு. வெள்ளக்காரனுக்கு ஆடுன்னா உயிரு."

"வளக்கல்ல சம்பந்தி." ஞானதாஸின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "களவாண்டிருக்காரு. கோர்ட்டுல நிறுத்தி, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேத்தி விட்டிருக்கு."

பிரைட்டன் வீட்டில் அன்று இரவு எல்லாரும் சிரித்தார்கள். ஷிஜியின் போனுக்கு ஆட்டுப் படங்களாக வந்து விழுந்தன. அவ்வளவோடு விட்டிருந்தால் அதுவும் ஒரு தமாஷாகப் போயிருக்கும். ஆனால் சம்பந்தி வீட்டில் தன்னை ஆட்டுக்கள்ளன் பேரன் என்று நினைத்துவிடுவார்களே என்று ராஜமணிக்குச் சோறு இறங்கவில்லை.

"சம்பந்தி, அது வேற குடும்பம்," என்று விளக்கினார். "நல்லாப் பாருங்க, அவனுக்க பேருல கடைசில 'ஈ' கெடையாது. நம்மளுக்கு 'ஈ' உண்டு."

அப்புறம் வினோஜைப் பிடித்தார். "ஏலே, ஈ உள்ள பான்வில்லா பாத்து எடு."

"மாமா, அப்படிப் பாக்க முடியாது. ஒரே ஆளுக்க பேர மூணு விதமா எழுதி வச்சிருக்கான். பான்வில், பன்வில், போன்ஃபில். பொறப்புல ஒண்ணு, கலியாணத்துல ஒண்ணு, சாவுல ஒண்ணு."

"இங்கிலீஷ்காரனுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் தெரியாதா? என்ன பேசுக நீ?"

"பேரு சொல்லுகவனுக்கு எழுத்து தெரியாது மாமா. எழுதுகவனுக்கு அந்த ஆளத் தெரியாது. காதுல விழுந்ததுதான் ஸ்பெல்லிங்கு."

ஸ்பெல்லிங் தப்பினால் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிற ராஜமணிக்கு இது பெரிய அடி. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, எல்லா ஸ்பெல்லிங்கிலும் தேடச் சொன்னார். தேடத் தேட ஆட்கள் வந்தார்கள். குடித்துவிட்டுச் சர்ச்சுக்கு வந்ததற்காக வெளியே தள்ளப்பட்ட பன்வில் ஒருவன். ஒரே சமயத்தில் மூன்று ஊரில் மூன்று பெண்டாட்டி வைத்திருந்த போன்ஃபில் ஒருவன். புகைக்கூண்டு துடைக்கப் போய் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்ட பான்வில் ஒருவன். யோக்கியன் ஒருவனைக்கூடக் காணோம். யோக்கியன் எதற்காகக் கோர்ட்டுப் புத்தகத்தில் வந்து விழப்போகிறான்?

ஒருத்தன்கூடத் திருவிதாங்கூர் பக்கம் தலைவைத்துப் படுத்ததாகவும் தெரியவில்லை.

"இவனுவ ஆரும் நம்ம ஆளு இல்ல," என்று ஒவ்வொருவரையாக ராஜமணி தள்ளுபடி செய்துகொண்டு வந்தார். நாட்டு மாடு வாங்கப் போனவர் போல, பல்லைப் பிடித்துப் பார்த்துப் பாட்டனைத் தேடினார்.

அப்போதுதான் விக்டோரியா தேங்காய் துருவியபடி அடுத்ததைக் கேட்டாள். "ஒரு காரியம் கேக்கேன். அந்தத் துரை ஒங்க முப்பாட்டியக் கெட்டுனாரா, கெட்டாமலா?"

ராஜமணி திடுக்கிட்டுப் போனார். இத்தனை வருடம் துரையைப் பற்றிப் பேசியவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"என்ன கேள்வி கேக்குக நீ?"

"நானா கேக்கேன்? பிரைட்டனுக்க அம்மை போன்ல கேட்டா. பள்ளில வச்சுக் கெட்டுனதுக்கு ஏதும் அடையாளம் உண்டுமான்னு. நான் ஒங்களக் கேட்டுச் சொல்லுகேன்னு சொல்லிட்டேன்."

ராஜமணி போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, சம்பந்தி வீட்டுக்கே பேசினார். துரையின் கல்யாணம் சர்ச்சில் வைத்துத்தான் நடந்தது என்றார். பேண்டு வாத்தியம் என்றார். குதிரை வண்டி என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்தது போல இருந்தது. ஞானதாஸ் வெள்ளை மனசுக்காரர். ஆட்டுக் கேஸை மறந்துவிட்டு மெய்மறந்து போனார்.

"அப்படீன்னா நிச்சயத்துக்கு மண்டபத்துல துரைக்க போட்டோவ மாட்டிருவோம் சம்பந்தி. வாறவங்க பாக்கட்டு."

"போட்டோ எதுக்கு?" என்றார் ராஜமணி. அந்த நேரத்தில் அவர் நாக்கை எவன் பிடித்து ஆட்டினானோ தெரியாது. "சிலையே இருக்கு."

போனை வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மயிலாடிக்குப் பஸ் ஏறினார்.

மயிலாடியில் சிற்பி பகவதியப்பன் ஒரு பிள்ளையாருக்குத் துதிக்கை செதுக்கிக்கொண்டிருந்தார். ராஜமணி நீட்டிய போட்டோவைப் பார்த்தார். தொப்பி வைத்த ஒரு ஆள்.

"இது நீங்கல்லா?"

"சாயல் ஒண்ணுதான். துரை என்ன மாதிரியே இருப்பாரு."

"தொப்பில 'ஐ லவ் ஊட்டி'ன்னு எழுதிருக்கே. அதையும் கொத்தணுமா?"

"அது வேண்டாம்."

"சரி. மூக்கு எப்படி வேணும்? முருகனுக்க மூக்கு, அம்மனுக்க மூக்கு, தலைவர் மூக்கு. மூணுந்தான் நம்ம கைக்கு வரும்."

"இங்கிலீஷ் மூக்கு வைக்கணும்."

பகவதியப்பன் கல்லை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அப்பம் இன்னும் பெரிய கல்லா எடுக்கணும்," என்றார்.

சிலை வேலை நடந்துகொண்டிருக்கும்போது வினோஜ் கூப்பிட்டான். இந்த முறை அவனாகவே கூப்பிட்டான்.

"மாமா, உயிரோட ஒரு பான்வில் கெடச்சாச்சு."

"என்ன கேஸு?" என்றார் ராஜமணி, பழக்கத்தில்.

"கேஸெல்லாம் இல்ல. எங்க ஹோமுல ஒரு கெழவி புதுசா வந்திருக்கு. அதப் பாக்க மக வாறா. மிஸ் ஹேசல் பான்வில்னு பேரு. வெள்ளக்காரிதான், அறுவது வயசு இருக்கும், ஸ்கூல்ல டீச்சரா இருந்து ரிட்டயரானவ. நான் நாகர்கோவில்னு ஊரு பேரச் சொன்னேன் மாமா. எனக்க கையப் புடிச்சிட்டு, கண்ணு நெறஞ்சு கரஞ்சிட்டா."

"கரையாம? பாட்டன் வாழ்ந்த மண்ணுல்லா!" ராஜமணி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "நிச்சயத்துக்கு வரச் சொல்லு. சிலையை அவங்கதான் தொறக்கணும்."

"வாறதுக்கு அவங்களுக்குச் சந்தோசந்தான். ஆனா அதுக்கு முந்தி ஒங்கள்ட்ட ஒரு காரியம் சொல்லணுமாம். ஒருக்க வீடியோல பேசுங்க மாமா."

கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ராஜமணி வீடியோவில் உட்கார்ந்தார். ஹேசல் அம்மையாருக்கு நரைத்த தலை, நீலக் கண், சிரித்த முகம். அவர் பேச ஆரம்பித்ததும்தான் ஆபத்து புரிந்தது. ராஜமணியின் இங்கிலீஷ் செருப்புக்கடை மாடியில் பிறந்து அங்கேயே வளர்ந்தது. லெஸ்டர்காரர்கள் வாய்க்குள் உருட்டிப் பேசுகிற இங்கிலீஷை அது கண்டதே இல்லை. அம்மையார் நீளமாக ஏதோ சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவில் ஒரு கேள்வியும் கேட்டார்.

"யெஸ், யெஸ்," என்றார் ராஜமணி. "மோஸ்ட் வெல்கம்."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. மறுபடியும் ஏதோ கேட்டார். அதற்கும் யெஸ், மோஸ்ட் வெல்கம்.

பிறகு வினோஜ் தனியாகக் கேட்டான். "மாமா, அவங்க சொன்னது முழுக்க வெளங்குச்சா?"

"நான் இங்கிலீஷ் வாத்தியாருலே."

"இல்ல, ஒங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியா?"

"எனக்கு எதுக்கு வருத்தம்? பெருமைல்லா!"

"நீங்க பெரிய மனசுக்காரரு மாமா," என்றான் வினோஜ். அதில் உண்மையான மரியாதை இருந்தது.

துரையின் பேத்தியே வருகிறார் என்ற செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். அதுவரை இனிஷியலோடு காலம் தள்ளியவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் பான்வில் ஆனார்கள். ஆட்டோ ஓட்டுகிற சித்தப்பா மகன் கண்ணாடியில் 'பான்வில் பாய்ஸ்' என்று ஒட்டினான். பாஸ்போர்ட் இல்லாமலே இங்கிலாந்து போகலாமாமே என்று ஒரு மாமா வந்து விசாரித்துவிட்டுப் போனார். ராஜமணிக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை காலம் தான் ஒருத்தராகச் சுமந்த பெருமையில் இத்தனை பேர் வந்து கையை வைத்தால் எப்படி?

நிச்சயத்தன்று அதிகாலையில் ஷிஜியும் பிரைட்டனும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய் ஹேசல் அம்மையாரை அழைத்து வந்தார்கள். மண்டபத்தில் வந்து இறங்கும்போது பிரைட்டன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். ஷிஜி நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, அவங்க வழியில ஒரு காரியம் சொன்னாங்க."

"எல்லாம் மேடையில சொல்லட்டு."

"இல்லப்பா, நீங்க அதுக்கு முந்தியே—"

"மேடையில! நானே டிரான்ஸ்லேட் பண்ணுகேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போய்ப் பூ வை."

ஷிஜி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். கோட்டு, டை, அதில் குத்தியிருந்த சின்ன இங்கிலாந்துக் கொடி.

"அப்பம் முதல்ல மோதிரம் மாத்துவோம்," என்றாள். "பெறவு சிலை. அதுக்கும் பெறவுதான் அவங்க பேச்சு."

"சிலைதான் முதல்ல—"

"மோதிரம் முதல்ல. இல்லேன்னா நான் மேடை ஏற மாட்டேன்."

மகள் இப்படிப் பேசி ராஜமணி கேட்டதில்லை. பயந்துபோய்ச் சம்மதித்தார்.

இதற்கிடையில் அவருக்கு இன்னொரு தலைவலி வந்து சேர்ந்தது. அவர் அப்பாவின் தங்கை நேசம்மாள் அத்தை மேற்கே ஏதோ கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். எண்பதைத் தாண்டிய கிழவி. இடுப்பில் வெற்றிலைப் பை, வாய் நிறையச் சிவப்பு. யார் சொல்லி வந்தாளோ தெரியாது, அவர் அழைக்கவில்லை. துரையின் பேத்திக்கு முன்னால் இந்த வாயை எப்படிக் காட்டுவது? கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

"இங்க இருந்தா ஒண்ணும் தெரியல்லியே மக்கா."

"இங்கதான் காத்து வரும் அத்த."

போதகர் ஜெபித்தார். மோதிரம் மாறியது. ஷிஜி பெருமூச்சு விட்டாள்.

அடுத்தது சிலை. ஹேசல் அம்மையார் கயிற்றை இழுத்தார். துணி தொப்பியில் மாட்டிக்கொண்டது. இன்னொரு இழுப்பு. துணி விழுந்தது. பகவதியப்பன் தன்னால் ஆனதைச் செய்திருந்தார். ஆனாலும் அவர் கை தனக்குத் தெரிந்த தலைவர் மூக்குக்குத்தான் போயிருந்தது.

"அம்மா, நம்ம கவுன்சிலர் மாமா!" என்றது ஒரு குழந்தை.

முன்வரிசையில் இருந்த வார்டு கவுன்சிலர் எழுந்து நின்று எல்லாப் பக்கமும் கும்பிட்டார். கை தட்டினார்கள். ஹேசல் அம்மையார் சிலையைக் காட்டி ராஜமணியிடம் ஏதோ கேட்டார். "யெஸ், யெஸ்," என்று சொல்லி, அவரை மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இன்னொரு மைக்கைத் தானே எடுத்துக்கொண்டார்.

ஹேசல் அம்மையார் ஷிஜி கேட்டுக்கொண்டபடி மெதுவாகவே பேசினார். முதல் வாக்கியம் ராஜமணிக்கு நன்றாகவே பிடிபட்டது.

"என்னுடைய மக்களைத் தேடி வந்திருக்கிறேன் என்கிறார்கள்!"

கைதட்டல். ஞானதாஸ் கண்ணைத் துடைத்தார்.

"என்னுடைய கொள்ளுத் தாத்தா," ராஜமணி காதைக் கூர்மையாக்கினார், "ஒரு டியூக்! அதாவது பிரபு! கோமகன்!"

மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சத்தம் அடங்கும்போது முன்வரிசையில் வக்கீல் சபிதா எழுந்து நின்றாள்.

"மாமா, டியூக்குன்னு சொல்லல்ல. குக்குன்னு சொன்னாங்க. சமையக்காரரு."

ராஜமணி சிரித்தார். "ஒனக்குச் சரியாக் கேட்டிருக்காது மக்கா."

சபிதா மேடைக்கே வந்துவிட்டாள். அம்மையாரிடம் ஏதோ கேட்டாள். அம்மையார் மளமளவென்று சொன்னார். சபிதா ராஜமணியின் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டாள். கோர்ட்டில் சாட்சியிடமிருந்து எதையாவது வாங்குவது போல.

"இவங்களுக்க கொள்ளுத்தாத்தா நம்ம ஜில்லாக்காரராம். அசம்பு மலைத் தோட்டத்துல துரைக்குச் சமையல் பண்ணியிருக்காரு. துரை இங்கிலாந்துக்குத் திரும்பும்போ கூடவே கூட்டிட்டுப் போயிருக்காரு. அங்க ஒரு வெள்ளக்காரியக் கெட்டி, பிள்ளயளும் ஆகி, அங்கயே மரிச்சுட்டாராம். அவருக்க சொந்தக்காரங்க இங்க இருப்பாங்கன்னு தேடி வந்திருக்காங்க. போன்ல எல்லாத்தயும் மாமாட்ட சொல்லிட்டாங்களாம். மாமா 'யெஸ்'ஸுன்னு சொன்னாங்களாம்."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ராஜமணியின் முகம் ஒரு கணம் இருண்டு, உடனே வெளிச்சமானது. மூழ்குகிறவன் கையில் கயிறு தட்டுப்பட்டது போல.

"அதத்தானே நானும் சொல்லுகேன்! அந்தத் தோட்டத்துத் துரைதான் பான்வில் துரை! இவங்க தாத்தா அவருக்குச் சமையக்காரரு. எசமான் பேர வேலக்காரன் எடுத்து வச்சிக்கிட்டான். இவங்க வேலக்காரனுக்க வழி. நாம எசமானுக்க வழி!"

சபிதா கேட்டாள். அம்மையார் தலையை ஆட்டினார்.

"இல்லியாம் மாமா. அந்தத் துரைக்குப் பேரு வேறயாம். பான்வில்னு ஒரு துரையே கெடையாதாம். கப்பல் ஏறும்போ பேரு எழுதுக வெள்ளக்காரன், பேரு என்ன, ஊரு என்னன்னு கேட்டிருக்கான். இவரு சொல்லிருக்காரு. அவன் ஊரயும் பேரோட சேத்து, காதுல விழுந்தது மாதிரி எழுதிட்டான். அந்த ஊருதான் பான்வில்."

'பான்வில் பாய்ஸ்' ஆட்டோக்காரன் எங்கோ ஒரு மூலையில் இருமினான்.

"அப்படி ஒரு ஊரு இந்த ஜில்லால கெடையாது!" ராஜமணி மைக் இல்லாமலே கத்தினார். டை ஒரு பக்கமாகப் போய்விட்டிருந்தது. "எந்த ஊரு? சொல்லச் சொல்லு. அவங்க வாயால சொல்லட்டு!"

ஹேசல் அம்மையார் கண்களை மூடிக்கொண்டார். பள்ளிப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதுபோல நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு அசையாக மைக்கில் சொன்னார்.

"போன்... வி... லாய்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. "பாத்தேளா? பாத்தேளா?" என்று ராஜமணி சபையைப் பார்த்துக் கையை விரித்தார். போன உயிர் திரும்பி வந்துகொண்டிருந்தது. "போன்விலாயாம்! ஆராவது கேட்டதுண்டா? இந்த மண்ணுல அப்படி ஒரு ஊரு உண்டா?"

கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னாலிருந்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நேசம்மாள் அத்தை எழுந்து நின்றாள்.

"ஏலே ராஜமணி, அவ பொன்விளைன்னுல்லா சொல்லுகா... எங்க அப்பன் யாக்கோபு மரச்சீனிக் கெழங்கு நட்டுக்கிட்டுக் கெடந்து, கல்லறைக் கல்லுலயும் பேரோட வெட்டி வச்ச நம்ம ஊருல்லாலே அது!"